ஆமை திரும்பி வரவே இல்லை

அன்புள்ள மகனுக்கு என்று தொடங்க வேண்டும் என்று மலர்க் குழுவில் சொல்லியிருக்கிறார்கள். தொடங்கிவிட்டேன். அதற்கு மேல் அவர்கள் சொன்ன எதையும் கேட்பதாக இல்லை. நம் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவுக்கு வருஷா வருஷம் போடுகிற மலரில், பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதுகிற கடிதம் என்று இந்த முறை ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். தை கடைசியில் உனக்குக் கல்யாணம், நீயோ ஊரே பார்க்கிற ஆளாகிவிட்டாய், அதனால் நான்தான் எழுத வேண்டும் என்று மலர்க் குழு வசந்தி நம் வெஸ்ட் வின்ட்சர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். காப்பியைக் குடித்துக்கொண்டே, "ரெண்டு பக்கம் போதும்க்கா. நல்லா எமோஷனலா இருக்கட்டும். உங்க பையன் அந்த வீடியோல அப்பாவப் பத்திச் சொல்லி அழுதான் பாருங்க, அந்த மாதிரி" என்றாள். சரி என்றேன். அவளுக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும். அதனால்தான் நீ ஒரு மாதமாக என்னோடு வீடியோ காலில் பேசாமல் சாதாரண போனில் மட்டும் பேசுகிறாய்.

இதைப் படிக்கிற எல்லோரும் உன் வீடியோவைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ கலிபோர்னியாவில், சான் ரமோனில் இருக்கிறாய். வாரம் முழுக்க ஆபீஸ். சனி ஞாயிறில் கேமரா முன்னால் உட்கார்ந்து, உன் வயதுக்காரர்கள் சின்ன வயதில் பார்த்த பழைய நிகழ்ச்சிகளைப் பற்றிப் பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் பேசுகிறாய். அப்படி நீ பேசியதில் உன்னைப் பெரிய ஆளாக்கியது 'தபால் ஆமை'. நீ பிறந்த சமயத்தில் சென்னைத் தொலைக்காட்சியில் வந்த பொம்மைத் தொடர் அது. ஏரிக்கரையில் மிருகங்களுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிற ஓர் ஆமை, பெயர் நிதானம். கல்யாணப் பத்திரிகையைக் குழந்தை பிறந்த பிறகு கொண்டுபோய் நீட்டும். யார் என்ன திட்டினாலும், "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று மட்டும் சொல்லும். அந்தத் தொடரை இப்போது கம்ப்யூட்டர் படமாக மறுபடி எடுத்திருக்கிறார்கள். எழுதியதும் ஆமைக்குக் குரல் கொடுத்ததும் டெக்சாஸில் இருக்கிற ஒரு பெண். அவள் மேல் நீ ஒரு வீடியோ போட்டாய்.

நான் அதை முழுசாகப் பார்த்தேன். நடுவில் நிறுத்தி, பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, மறுபடி பார்த்தேன். பழைய ஆமை திரும்பி வரும், புது ஆமை திரும்பி வரவில்லை, இதுதான் உன் வழக்கு. கடைசியில் ஏரி வற்றிப்போகிறது, ஆமை வேறு தண்ணீர் தேடிப் போய்விடுகிறது, தொடர் அத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரிஜினலில் அப்படி இல்லவே இல்லை என்று மேஜையைத் தட்டிச் சொன்னாய். மழை வரும், ஏரி நிரம்பும், எல்லோரும் மறந்துபோயிருக்கிற நேரத்தில் ஆமை திரும்பி வரும், அதன் முதுகில் யாருக்கும் கொடுக்காத ஒரு கடிதம் இருக்கும் என்று விவரித்தாய். அதை மாற்ற இவள் யார் என்று கேட்டாய். சரி, முடிவு பிடிக்கவில்லை என்றால் சொல்ல வேண்டியதுதான், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீ அதோடு விடவில்லை. அவள் குரலை எடுத்து, இழுத்து இழுத்து மெதுவாக ஓடவிட்டு, "இப்படி யாருங்க தமிழ் பேசுறா?" என்று கேட்டுச் சிரித்தாய். ஒரு தடவை இல்லை, வீடியோ முழுக்க, எங்கெல்லாம் உனக்குப் பேச விஷயம் தீர்ந்துபோனதோ அங்கெல்லாம் அந்தக் குரலை ஓடவிட்டாய்.

பிறகு அழுதாய். அதைத்தான் வசந்தி சொன்னாள், அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சனிக்கிழமை காலை, பழைய சோபா, அப்பா மடியில் நீ, அப்பா ஆமை மாதிரிப் பேசிக் காட்டுவார், அப்பா போன பிறகு உனக்கு மிச்சமாக இருப்பது அந்தத் தொடர் ஒன்றுதான், அதையும் இவள் பிடுங்கிக்கொண்டாள் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். பார்த்தவர்கள் எல்லோரும் உருகிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் உன் அப்பாவுக்கு அஞ்சலி எழுதியிருக்கிறார்கள். "உங்க அப்பா மாதிரி ஒரு அப்பா எனக்கு இல்ல ப்ரோ" என்று ஒருவர் எழுதியிருந்தார். ப்ரோவுக்கும் இல்லை என்று அவருக்குக் கீழே எழுதலாமா என்று யோசித்தேன்.

அந்த வீடியோவை எடுப்பதற்கு முன்னால் நீ எனக்குப் போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது, காய்கறிக் கடை வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன். தபால் ஆமை பார்க்கும்போது நான் யார் கூட இருப்பேன் என்று கேட்டாய். நூர்ஜஹான் ஆன்ட்டி வீட்டில்தானே பார்ப்பாய், அவள் மடியை விட்டு இறங்கவே மாட்டாயே என்றேன். அப்பா பக்கத்தில் இருந்த மாதிரி ஞாபகம் என்றாய். அப்பாவுக்கு அந்த ஆமையைக் கண்டாலே ஆகாது, வீட்டில் இருக்கிற சனிக்கிழமைகளில் பத்து மணி வரை தூங்குவார் என்று நான்தான் சொன்னேன். அதற்கு நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன். "அம்மா, டேகேர் ஆன்ட்டின்னு சொன்னா யாருக்கும் கனெக்ட் ஆகாது. அப்பான்னா ஆகும்." எனக்கு அப்போது அது என்னவென்று புரியவில்லை. ஏதோ ஆபீஸ் விஷயம் பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டு கொத்தமல்லி வாங்கப் போனேன்.

உன் அப்பா கெட்டவர் இல்லை. அதை இந்த மலரிலேயே அச்சுப் போட்டுச் சொல்கிறேன். நாம் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவருக்குக் கன்சல்டிங் வேலை. திங்கட்கிழமை விடியற்காலையில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏர்போர்ட் போவார், வெள்ளிக்கிழமை வருவார். பல வெள்ளிக்கிழமைகளில் வரவும் மாட்டார். வந்தால் தூங்குவார், மிச்ச நேரத்தில் கிரீன் கார்டு பற்றிப் பேசுவார். உன்னை மடியில் வைத்துக் கொஞ்சுகிற ஆள் இல்லை அவர், அவருடைய அப்பாவும் அவரை அப்படி வைத்துக்கொண்டதில்லை. ஆனால் நீ ஹைஸ்கூல் படிக்கும்போது ரயிலைத் தவறவிட்டுவிட்டாய் என்று கொட்டுகிற பனியில் நியூயார்க் வரை கார் ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை திட்டாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். உனக்குப் பிடிக்கவில்லை என்றதும் மெடிக்கல் சேர்க்கும் ஆசையை வாய்விட்டுச் சொல்லாமலே விட்டுவிட்டார். அந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல உனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா? ஆமை மாதிரிப் பேசிக் காட்டுகிற யாரோ ஒருவரை உருவாக்கி, அவருக்கு உன் அப்பாவின் பெயரை வைத்துவிட்டாய். ஊரெல்லாம் அந்த ஆளுக்காக அழுகிறது. நான் யாருக்குப் பெண்டாட்டியாக இருந்தேனோ அவருக்காக ஒருத்தரும் அழவில்லை.

நூர்ஜஹானைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ சொல்லவில்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயிலடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் நாம் அப்போது இருந்த அபார்ட்மென்டில், கீழ் வீடு அவளுடையது. கீழக்கரைக்காரி. அவள் கணவருக்கு எடிசனில் ஒரு கடையில் வேலை. நான் வேலைக்குப் போக வேண்டும், டேகேரில் சேர்க்கிற வசதி நமக்கு அப்போது இல்லை, அவள்தான் அந்தக் கட்டடத்துத் தமிழ்ப் பிள்ளைகளையெல்லாம் பகலில் பார்த்துக்கொண்டாள். உனக்கு அவள் ஆன்ட்டி இல்லை. அவள் மகள் ஷமீமா உம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு நீயும் நூரும்மா என்றாய். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதைக்கூட அவள் கண்டுபிடித்து, என் எதிரில் நீ அப்படிக் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பாள். நீ முதலில் முழுசாகப் பேசிய தமிழ் வாக்கியம் அவளுடைய வாய்ப் பேச்சுதான். இழுத்து, நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையையும் தடவிக்கொடுத்துப் பேசுவாள். டெக்சாஸ் பெண்ணின் குரலை நீ மெதுவாக ஓடவிட்டு, இப்படி யார் தமிழ் பேசுகிறார்கள் என்று கேட்டாயே, இவள்தான் பேசுவாள். இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அந்தப் பெண் ஷமீமா. தொழிலுக்காக வேறு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். உன் தட்டிலிருந்து தின்று வளர்ந்தவள். அது உனக்குத் தெரியாமல் நடந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியே இருக்க மாட்டேன்.

இனி உன் வழக்குக்கு வருகிறேன். தபால் ஆமை நமக்கு எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியாது, நீ எப்போதும் கேட்டதில்லை. உன் சித்தி சென்னையில் அந்தத் தொடரை டி.வி.யிலிருந்து மூன்று மணி நேர கேசட்டில் பதிவு செய்து, இங்கே வந்த யாரிடமோ கொடுத்தனுப்பினாள். இந்தியா கேசட் இந்த ஊர் பெட்டியில் ஓடாது. இந்தியச் சாமான் கடைகளில் பின்னறையில் மாற்றிக் கொடுப்பார்கள். நாங்களும் கொடுத்தோம். அவர்கள் மாற்றிக் கொடுத்தது இந்த ஊர் கேசட், அதில் பிடிப்பது இரண்டு மணி நேரம். அது முடிந்ததும் கடைக்காரர் நிறுத்திவிட்டார். அவருக்கு ஆமையைப் பற்றி என்ன கவலை? நாங்களும் முழுசாக ஓட்டிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தக் காப்பியிலிருந்து இன்னொரு காப்பி, அதிலிருந்து இன்னொன்று என்று அந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் அதுதான் போனது. அதில் கடைசிப் பகுதி கிடையாது. ஏரியில் தண்ணீர் குறைய ஆரம்பிக்கும், ஆமை பையை மாட்டிக்கொண்டு கரையில் நின்று திரும்பிப் பார்க்கும், அப்புறம் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரையும். நீ பார்த்த ஒரிஜினல் அதுதான்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்து நீ போட்ட அழுகை மூன்று மாடிக்குக் கேட்கும். உன் சித்தியிடம் போனில் கேட்டேன், கடைசியில் என்னதான் ஆகிறது என்று. ஆமை போய்விடும், அவ்வளவுதான், அத்தோடு முடிந்தது என்றாள். அதை நூர்ஜஹானிடம் சொன்னேன். அது உன் அப்பாவுக்கு மினியாபோலிஸில் வேலை நீண்டுகொண்டே போன வருஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் நீ அவள் வீட்டு ஜன்னலில் ஏறி நின்றுகொண்டு, டாக்சி வருகிறதா என்று பார்ப்பாய். பாதி நாள் வராது. நூர்ஜஹான் என்னிடம் சொன்னாள், "போயிடுச்சுன்னு இந்தப் புள்ளைகிட்ட எப்படிக்கா சொல்றது? அது வரட்டும்." கேசட் இரைய ஆரம்பித்ததும் டி.வி.யை அணைப்பாள். ஒரு பச்சைக் காலுறையைக் கையில் மாட்டிக்கொள்வாள். மழை வந்துச்சு வாப்பா என்பாள், பிள்ளைகளை அப்படித்தான் கொஞ்சிக் கூப்பிடுவாள். ஏரி நிரம்பும். எல்லோரும் மறந்துபோயிருக்கிற நேரத்தில் காலுறை சோபாவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக எட்டிப் பார்க்கும். அதன் முதுகில் ஒரு கடிதம் செருகியிருக்கும். அதில் அன்றன்றைக்கு ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் எப்போதும் உன் பெயர்தான்.

அதனால்தான் கேட்கிறேன், எதற்காகக் கேமரா முன்னால் உட்கார்ந்து அழுதாயோ, அந்த முடிவு எங்கே ஒளிபரப்பானது? எந்தத் தொலைக்காட்சியிலும் இல்லை. நியூ ஜெர்சியில் ஓர் அபார்ட்மென்டின் கீழ் வீட்டில், ஒரு காலுறையில் நடந்தது. உன் அப்பா வரவில்லை என்பதற்காக ஒரு பெண் அதை உனக்குக் கட்டிச் சொன்னாள். அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு, வராத அப்பாவை அந்தச் சோபாவில் உட்காரவைத்து, அவள் சொன்ன கதையைக் கையில் எடுத்து அவள் மகளையே அடித்தாய். ஷமீமா எழுதிய முடிவுதான் பழைய முடிவு. அவளுக்கு அம்மாவின் காலுறைக் கதை தெரியாதா? உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டவள்தானே. போட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அது நம்ம வீட்டுக் கதை, அவங்க கதைய அவங்க எழுதினபடியே விட்டுடு என்று நூர்ஜஹான் சொல்லியிருக்கிறாள்.

உன் ரசிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உன் வீடியோவுக்குக் கீழே எத்தனை பேருக்கு அந்த மழை ஞாபகம் இருக்கிறது என்று பார்த்தாயா? சிங்கப்பூரில் இருந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்து அழுததாக ஒருவர் எழுதுகிறார். ஆமையின் முதுகில் இருந்த கடிதத்தின் நிறம் மஞ்சள் என்று ஒருவர், இல்லை நீலம் என்று இன்னொருவர், இரண்டு பேரும் சண்டை வேறு. கோயம்புத்தூரில் ஒரு தியேட்டரிலேயே பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். நடக்காத ஒன்றை ஞாபகம் வைத்துக்கொண்டு இத்தனை பேர் ஒரு பெண்ணின் குடலை உருவுகிறார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரியவர், அந்தத் தொடரை அப்போதே பார்த்தவர் போலிருக்கிறது, ஆமை திரும்பி வரவே இல்லையே தம்பி என்று மரியாதையாகத்தான் எழுதினார். அவரை ஃபேக் ஃபேன் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாய். அவர்கள் ஷமீமா முகத்தில் ஆமை ஓட்டை ஒட்டிப் படம் போட்டார்கள். அவள் சொந்தப் பெயரையும் பிள்ளையின் பிறந்தநாள் படத்தையும் தேடி எடுத்து, அந்தப் படத்துக்கும் ஓடு ஒட்டினார்கள். அவள் வேலை செய்கிற இடத்துக்கு எழுதினார்கள். "உங்க ஆளுங்களுக்கு எதுக்குடா எங்க ஆமை" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு நீ ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாய். கை தவறிப் பட்டிருக்கும் என்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டு தினமும் போய்ப் பார்த்தேன். இதை எழுதுகிற வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கிறது.

போன் செய்து கேட்டேன். அது ஷமீமா என்று தெரியும் என்றாய். நீயாகவே சொன்னாய், நான் பிடுங்கவில்லை. "இட்ஸ் நாட் பெர்சனல் மா. ஷோவத்தான் கிரிட்டிசைஸ் பண்றேன். அவளுக்கே தெரியும்." நான் போனை வைத்துவிட்டேன், நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது, அடுத்த வாரமே உன்னிடமிருந்து இன்னொரு போன் வந்தது. கல்யாணத்துக்கு உன் சேனல் ஆட்கள் வருகிறார்கள், ரிசப்ஷனில் ஒரு பெரிய ஆமை பொம்மை வைக்கப் போகிறீர்கள், எல்லாம் லைவாகப் போகும், அதனால் நூர்ஜஹான் ஆன்ட்டி அங்கே இருந்தால் ஆக்வர்டாக இருக்கும், நீயே நைசாகச் சொல்லிவிடு அம்மா என்றாய். தீபாவளிக்கு அடுத்த நாளே தட்டில் பழமும் பத்திரிகையும் வைத்து நான் அவளைத்தான் முதலில் அழைத்துவிட்டு வந்திருந்தேன். அதைச் சொன்னேன். சரி, ஒரு நல்ல புடவை வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடு, பணம் நான் அனுப்புகிறேன் என்று சொன்னாய். நீ எங்கே இப்படிப் பேசக் கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தெரியவில்லை, இந்த வீட்டில் யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை.

அவள் இன்னும் அதே கீழ் வீட்டில்தான் இருக்கிறாள். போனேன். எதைச் சொல்வது என்று தெரியாமல்தான் போனேன். அவளே ஆரம்பித்துவிட்டாள். முட்டி வலி, கலிபோர்னியா வரைக்கும் பிளேனில் உட்கார முடியாது, கல்யாணத்துக்கு வரமுடியாது, தப்பாக நினைக்காதீர்கள் என்றாள். அவளுக்கு முட்டி வலி கிடையாது. போன மாதம்தான் என்னோடு கால்வாய்க் கரையில் கடைசி வரை நடந்தாள், நான்தான் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். ஷமீமா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இனிமேல் தமிழில் எதுவும் செய்வதில்லை என்று முடிவு பண்ணிவிட்டாள், பிள்ளையோடுகூட இப்போது இங்கிலீஷில்தான் பேசுகிறாள் என்றாள். நீ செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கேட்கவிடவில்லை. "அவன் நல்லாப் பேசுறான்க்கா. முழுசா பாத்தேன். நான் சொன்ன கதைய ஒண்ணு விடாம அப்படியே சொல்றான், பாத்தீங்களா? எவ்ளோ சின்னப் புள்ள அப்ப, மறக்கல." சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அவளை அந்தச் சோபாவிலிருந்து நீ இறக்கிவிட்டதை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்த பிறகும் அவளுக்குச் சந்தோஷப்பட ஏதோ மிச்சம் இருந்தது. நான் அங்கே அழுதேன். உனக்காக இல்லை.

கிளம்பும்போது ஒரு டப்பா கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு என்று அவளே கிண்டிய தொதல், அவள் ஊர் அல்வா. நீ அதற்காக அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே சுற்றுவாய், கருப்பட்டி வாசனை உன் சட்டையில் வீடு வரை வரும். அந்த டப்பாவை நான் உனக்கு அனுப்பவில்லை. மலர்க் குழுக் கூட்டத்துக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டேன். யார் செய்தது என்று கேட்டார்கள். என் மகனை வளர்த்தவள் என்றேன். மிகவும் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், வசந்தி விரலைக்கூட நக்கினாள். உனக்கு ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் இந்த மலரைக் கொடு. நீ கொடுக்க மாட்டாய் என்பதால் அச்சாகி வந்ததும் நானே அவளுக்கு ஒரு பிரதி தபாலில் போட்டுவிடுவேன், ஆமை கொண்டுபோனாலும் முகூர்த்தத்துக்கு முன்னால் சேர்ந்துவிடும். ஒரு நாள் அவளைப் பற்றியும் நீ ஏதாவது சொல்லப் போகிறாய். யாருக்குக் கனெக்ட் ஆகுமோ அவர்களை உள்ளே வைத்து, ஆகாதவர்களை வெளியே எடுத்துச் சொல்லுவாய். தன்னை எந்த இடத்தில் வெட்டுவாய் என்று அவள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உங்களுக்குப் பிள்ளை பிறக்கும், நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போவீர்கள், யாரோ ஒருத்தி அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் பெயரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடு என்று சொல்லத்தான் ஆசை. உன்னால் முடியாது, எனவே அதை உன் பெண்டாட்டியே செய்யட்டும். வீடியோவை எடுத்துவிடு என்று நான் கேட்கவில்லை. எடுத்தால், ஏன் எடுத்தேன் என்று இன்னொரு வீடியோ போடுவாய், அதிலும் அழுவாய்.

நான் கல்யாணத்துக்கு வருகிறேனா என்று தெரியாமல் நீ தவிப்பாய் என்று நினைக்கிறேன், தவிக்கவில்லை என்றால் அதுவும் எனக்கு ஆச்சரியமில்லை. வருவேன். தாலி கட்டும்போது பெற்றவள் இருக்க வேண்டும், இருப்பேன், அட்சதை போடுவேன். ரிசப்ஷனுக்கு இருக்க மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு ரிட்டர்ன் பிளைட். இறங்கினதும் நேராகக் கீழ் வீட்டுக்குத்தான் போவேன், கல்யாணம் எப்படி நடந்தது என்று அவள் கேட்பாள், சொல்ல வேண்டும் அல்லவா.

கடைசியாக ஒரு விஷயம். கடிதத்தோடு போடுவதற்கு, நீ சின்ன வயதில் தபால் ஆமை பார்க்கிற மாதிரி ஒரு போட்டோ இருந்தால் பிரமாதமாக இருக்கும் என்று வசந்தி கேட்டாள். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு நாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து, கதவைத் திறந்து, நீங்கள் யாரும் பார்க்காதபோது நான் எடுத்தது. டி.வி. அணைந்திருக்கிறது. நீ மடியில் இருக்கிறாய், வாயைத் திறந்துகொண்டு காலுறையைப் பார்க்கிறாய். அதைக் கொடுத்துவிட்டேன். கீழே என்ன போடுவது என்று கேட்டாள். இடமிருந்து வலமாக, நூர்ஜஹான், அவள் மடியில் என் மகன், தரையில் ஷமீமா என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். வசந்தி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல அப்பாவக் காணோமே?"

"ஆமாம்," என்றேன். "அவர் வரல."